லொறியில் வந்த குளம்

என்னுடைய ஆங்கிலத்தை நம்பி ஒரு மனிதர் தன் வாழைத்தோட்டத்தை வெட்டிச் சாய்த்தார். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த ஐந்து நாட்களும் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

2003, சமாதான காலம். சண்டையில் மூடிக்கிடந்த பாதை திறந்து, வன்னியெங்கும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஓடித் திரிந்தன. எனக்கு இருபது வயது. தர்மபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி ஆங்கிலப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இரண்டே பேர். மற்றவள் கலியாணம் முடித்துக் கனடா போய்விட்டாள். ஆகவே, ஊரின் ஆங்கிலம் நான்தான். (மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதைக்கூட அம்மா என்னை வாசிக்கச் சொல்வார். அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்க, பலமாக.)

ஒரு சனிக்கிழமை எங்கள் படலையில் ஒரு வாகனம் வந்து நின்றது. பீட்டர் என்ற வெளிநாட்டுப் பொறியியலாளர் எங்கள் ஊரில் கூட்டம் வைத்திருந்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு மலேரியாக் காய்ச்சல். "ஆங்கிலம் தெரிஞ்ச பிள்ளை இஞ்ச இருக்கிறாவாம்?" என்று சாரதி கேட்டார். நான் வாய் திறக்க முதல் அம்மா சொல்லிவிட்டார்: "ஓம், பிள்ளை வருவா."

பள்ளிக்கூட மண்டபம் நிறையச் சனம். பீட்டர் எழுந்து, உங்களுக்கு இரண்டு 'டாங்க்' தருவோம் என்றார். எனக்கு உயிர் வந்தது. தெரிந்த சொல்! எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தக்கால அரசர்கள் கட்டிய அத்தனை குளமும் டாங்க்தான். இரணைமடுக் குளமும் டாங்க்தான். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"இவர் எங்களுக்கு ரெண்டு குளம் தருவாராம்."

மண்டபம் இரைந்தது. முன்வரிசையில் இருந்த இராமையா கையைத் தூக்கினார். கலவரத்தில் மலையகத்தை விட்டு ஓடிவந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். "எம்மாம் பெருசுன்னு கேளு புள்ள."

கேட்டேன். ஒவ்வொன்றும் ஆயிரம் என்றார் பீட்டர். ஆயிரத்துக்குப் பின்னால் வந்த சொல்லை அவருடைய உச்சரிப்பு விழுங்கிவிட்டது. திரும்பக் கேட்க வெட்கம். "ஆயிரமாம்" என்றேன். பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் குளமாகிவிட்டது.

வியாழக்கிழமைக்குள் இடத்தைத் துப்புரவாக்கித் தயாராக வைக்க வேண்டும் என்றார் பீட்டர். இராமையா எழுந்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல நம்ம வாழத்தோட்டம் இருக்குங்க. எடுத்துக்கச் சொல்லு." நான் சொன்னேன். பீட்டர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு சின்ன மூலை போதும் என்றார். மரியாதைக்குச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து அதை நான் மொழிபெயர்க்கவில்லை. (எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.)

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் பீட்டர் சாதாரணமாகச் சொன்னார்: வவுனியாவிலிருந்து லொறியில் வருகிறதாம், இரண்டு டாங்க்கும்.

குளம் எப்படி லொறியில் வரும்?

உடனே இன்னொரு டாங்க் நினைவுக்கு வந்தது. சங்கிலிச் சக்கரமும் நீட்டிய குழலுமாக வரும் டாங்க். அதன் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் ஓடியிருக்கிறோம். ஐயோ, அதையா ரெண்டு தருகிறேன் என்கிறார், அதுவும் பள்ளிக்கூடத்துக்கு? வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய அகராதியைப் புரட்டினேன். குளம் இருந்தது. போர் டாங்கியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், 'திரவங்களைச் சேமிக்கும் கொள்கலம்.' நான் ஒன்றைச் சொல்லி, மற்றதுக்குப் பயந்து, நடுவில் கிடந்ததில் மாட்டியிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் சொல்லிவிடுவது என்று சைக்கிளை மிதித்தேன். போய்ப் பார்த்தால் வாழைகள் வரிசையாகக் கிடந்தன. இருபது முப்பது பேர் மண்வெட்டிகளோடு நின்றார்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி இறங்கியிருந்தது. இராமையாவின் மனைவி செல்வம்மா மற்றவர்களை விட்டுவிட்டு முதல் தேத்தண்ணியை எனக்குத்தான் தந்தார்.

"குடி புள்ள. எல்லாம் ஒன்னாலதான்."

இராமையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வருசா வருசம் வானத்தப் பாத்துக்கிட்டே வெதைச்சோம். இனி அந்தப் பயம் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி நல்லா இருக்கு" என்று மட்டும்தான் வந்தது.

திங்கள் போனேன், தேத்தண்ணி குடித்தேன். செவ்வாய் போனேன், தேத்தண்ணியோடு பலகாரமும் தந்தார்கள். குழி இடுப்பளவு ஆகியிருந்தது. புதன்கிழமை நான் போகவில்லை. "ஏன் பிள்ளை முகம் கறுத்துக் கிடக்கு? காய்ச்சலோ?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலாக இருக்கக் கூடாதா என்று கடவுளைக் கேட்டேன்.

வியாழக்கிழமை லொறி வந்தது. கயிற்றால் கட்டிய இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஆயிரம் லீற்றர், பள்ளிப் பிள்ளைகளின் குடிதண்ணீருக்கு. பீட்டர் இறங்கி, அந்தப் பெரிய குழியைப் பார்த்து, இது எதற்கு என்று என்னைக் கேட்டார். அதே நேரம் இராமையா மறுபக்கத்திலிருந்து கேட்டார்: "லாரில என்ன புள்ள? கொளம் வெட்டுற மெசினா?"

நான் அழுதுவிட்டேன்.

"ஐயா, இதுதான் அது. குளமில்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

இராமையா தாங்கியின் அருகே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். வெறும் சத்தம் வந்தது. "இதுல எத்தன ஏக்கரு பாயும்?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போய்க் குழியின் கரையில் குந்தினார். அந்த முதுகை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசும்.

செல்வம்மாதான் என் கையைப் பிடித்தார். "விடு புள்ள. வாழதான, வச்சா வளந்துட்டுப் போகுது."

பீட்டருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சிவந்து, குழியை மூடித் தருகிறேன் என்றார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். "வேணாங்க" என்றார் இராமையா. "வெட்டுனது கெடக்கட்டும்." பீட்டர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை நானும் அப்பாவும் உருத்திரபுரத்துச் சித்தப்பா வீட்டில் வாழைக்குட்டிகள் கிண்டி, உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து அந்தக் குழியைச் சுற்றி நட்டோம். மாரியில் குழி நிரம்பியது. பங்குனியில் கிணறுகள் வற்றியபோதும் அதற்குள் தண்ணீர் கிடந்தது. இராமையா வாளியால் அள்ளி வாழைக்கு ஊற்றினார். யார் முதலில் சொன்னார்களோ, அதற்குப் 'பிழைக்குளம்' என்று பெயர் வந்துவிட்டது.

பிறகு சண்டை திரும்ப வந்து எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மீண்டு வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, தாங்கிகள் போன இடம் தெரியவில்லை. குழி அப்படியே தண்ணீரோடு கிடந்தது. இராமையாவும் வந்து சேர்ந்தார். என்னைக் கண்டதும், "புள்ள, ஒன் கொளம் பத்திரமா இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் அவர் அதைச் சொல்லிச் சிரித்து நான் பார்த்தேன்.

இப்போது பேருந்து நடத்துநர் அந்தத் தரிப்பிடத்தில் "பிழைக்குளம் இறங்கு!" என்று கூவுகிறார். பூவரசங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், ஏன் அந்தப் பெயர் என்று ஆசையாகக் கேட்டார். அம்மா முழுக் கதையையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொன்னார். அப்படியும் அவர் என்னைக் கட்டினார்.

எங்கள் மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஆங்கில வீட்டுப்பாடத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு, நான் சொன்னதும் பென்சிலை எடுக்க மாட்டாள். தகப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வாள்:

"அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பிறகு ஆரும் குளம் வெட்டிப்போடுவினம்."