கழுத்தில் ஐந்து விரல்

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையைத் தனியாகக் கண்ணாடி முன்னால் விடக்கூடாது. அதுவரை கண்ணில் படாத குறையெல்லாம் அன்றைக்குத்தான் கிளம்பி வரும்.

எனக்குக் கிளம்பியது தேமல். கழுத்தில் இடது பக்கம், ஒரு ரூபாய் அகலத்துக்கு. செல்போனில் ஒரு மூலிகை வீடியோவைப் பார்த்துவிட்டு, விழுப்புரம் நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்கினேன். (பெயரில்தான் அரிசி. கறுப்பாக ஒரு விதை.) அதை இடித்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினேன். வீடியோவில் சொன்னபடி, தேய்க்காமல் வலது உள்ளங்கையால் கழுத்தில் வைத்து அழுத்தினேன். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் பைக்கில் திண்டிவனம் கிளம்பினேன். பாட்டில், கட்டிக்கொள்ளப்போகும் பவித்ராவுக்கு.

"முகத்துல போடு, பளபளன்னு ஆவும்" என்று நீட்டும்போது மூடி கழன்று கையெல்லாம் எண்ணெய். அந்த நேரம் பார்த்து மாமா, அதாவது அவள் அப்பா, வெளியே வந்தார். நான் பாசம் பொங்க அவர் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "மண்டப வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா" என்றேன். அவர் அப்படியே மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பிடுங்கும் கொல்லைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயந்திரம் கழுத்து லேசாக எரிந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தவன் பிரஷ்ஷைக் கடித்துவிட்டேன்.

என் கழுத்தில் ஒரு கை இருந்தது.

செக்கச்செவேலென்று ஐந்து விரல். ஓரங்களில் கொப்புளம். நான்கு விரல் பிடரியைச் சுற்றியிருந்தது, கட்டை விரல் தொண்டைக் குழியை நோக்கி அழுத்தியிருந்தது. யாரோ நெரித்துப் பார்த்துவிட்டு, ஏனோ மனசு மாறி விட்டுவிட்டுப் போனது மாதிரி.

அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "டேய், வழியில எங்கனா வண்டிய நிறுத்துனியா?"

"கூட்டேரிப்பட்டு தாண்டி... மூடிக் கெடக்குதே ஒரு தாபா, அதும் பின்னாடி. ஒண்ணுக்கு."

"போச்சு! எதையோ ஏத்திக்கினு வந்துட்ட."

மிளகாய் சுற்றிப் போட்டாள். அடுப்பில் அது கருகியும் வீட்டில் ஒருவர்கூடத் தும்மவில்லை. (திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள்.) நான் அறிவியல் படித்தவன். ஆனாலும் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தேன்.

மத்தியானம் பவித்ரா போன் செய்தாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"ஏங்க, அப்பா கையில யாரோ புடிச்சி இழுத்த மாரி தடம் விழுந்திருக்குங்க. அஞ்சு வெரலும் தெரியுது. நீங்க வந்துட்டுப் போனப்புறந்தான்னு அத்தை சொல்லிக்கினு இருக்காங்க. இந்த சம்பந்தமே வேணாங்கறாங்க."

போனை வைத்துவிட்டு வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தேன். அது தாபாவிலிருந்து என் பின்சீட்டில் உட்கார்ந்து திண்டிவனம் வரைக்கும் வந்திருக்கிறது!

மறுநாள் மாமா விழுப்புரம் வந்தார். இருவரும் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தார். மாமா கையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஆவறதா இருந்தோம்" என்றார் மாமா.

"தம்பி, உங்க கைய அவரு தடத்துக்கு மேல புடிங்க. தொடாதீங்க."

பிடித்தேன். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை, அச்சு அசலாகப் பொருந்தியது. என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மாமா நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தினார்.

"அப்ப... இவருதானா அது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கையில என்ன தடவினீங்க?"

"கார்போக அரிசி எண்ணெய். இயற்கை மருந்துதான் டாக்டர்."

"எருக்கம்பாலும் இயற்கைதான். கண்ணுல ஊத்திக்குவீங்களா? இந்த விதையில சோரலென்னு ஒரு பொருள் இருக்கு. அது தோல்ல ஊறியிருக்கும்போது வெயில் பட்டா தோல் வெந்துடும். உடனே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சித்தான் கிளம்பும். உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதனால உங்க கை தப்பிச்சிடுச்சு. அளவு தெரிஞ்சவங்க குடுத்தா மருந்து. வீட்ல காய்ச்சினா இப்படி. இதப் பொடி பண்ணித் தின்னுட்டுக் கல்லீரல் கெட்டுப்போய் வர்றவங்களும் இருக்காங்க. வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பவித்ராவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் முழுக்க என் எண்ணெய், வெளியே சித்திரை வெயில். அந்த நினைப்பில் வந்த பயம், பேயை நினைத்தபோதுகூட வந்ததில்லை. கடைசியில் எடுத்தாள்.

"பவித்ரா, அந்த எண்ணெய முகத்துல தடவுனியா?"

"அது வந்து... கோச்சிக்காதீங்க. ஒரே நாத்தம், கொமட்டிக்கினு வந்துச்சு. எங்க வூட்டு கேட்டு கிரீச்சு கிரீச்சுன்னு கத்திக்கினே இருந்துச்சுல்ல, அதும் கீலுக்கு வுட்டுட்டேன்."

மாமா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பிறகு டாக்டரிடம் சொன்னார்: "எம்பொண்ணு பொழச்சிக்குவாம்மா. இவரக் கட்டிக் குடுத்தாலும் பொழச்சிக்குவா."

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. கொப்புளம் அமுங்கி, தடம் மட்டும் கன்னங்கரேலென்று நின்றுவிட்டது. போட்டோக்காரரிடம் கெஞ்சி ஆல்பத்தில் என் கழுத்தைச் சரிசெய்துவிட்டேன். மாமாவின் கை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதனால் இன்றைக்கும் அந்தப் படத்தில் அவர் சிரித்தபடி நிற்கிறார். அவர் கையை ஐந்து கறுப்பு விரல்கள் பிடித்திருக்கின்றன. விரல்களுக்குப் பின்னால் ஆள் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தி, "இது யாரு கை?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பவித்ராவும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

"எங்க வூட்டுக்காரரு கைதாங்க. என்னக் கைப்புடிக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பாவக் கைப்புடிச்சிட்டாரு."