அர்கிரிஸ் மடிக்கணினி கொண்ட படலம்

வாழிய அர்கிரிஸ்! கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி மாநகரின் கப்பானிச் சந்தையிலே நான்கு தலைமுறையாய் ஆலிவ்காய் விற்று, உப்புநீரில் கை வெளுத்துப் பேரத்தில் நாச் சிவந்த பெருங்குடியின் ஒற்றைக் கொழுந்தே, வாழிய! பொறியியல் கற்கப் புகுந்து, முதலாண்டிலேயே மூன்று பாடங்களில் விழுப்புண் ஏற்ற மார்பனே, வாழிய! வேண்டியதை வேண்டும் என்று சொல்ல வாய்வராத நீ, வாய்வராமலே அதை வென்றெடுக்கப் புறப்பட்ட பெரும்போரை யாம் பாடப் புகுகின்றோம். அவையோரே, கைப்பேசிகளின் வாயடைத்து அமர்க.

அவனது பழைய மடிக்கணினி ஆறாண்டு களம் கண்ட கிழக்களிறு. கீல் முறிந்து தலை சாய்ந்த அதன் திரையை, பின்னின்று தாங்கியது ஓர் ஆலிவ் டப்பா. விசிறி முழங்கினால் எதிர்வீட்டார் சன்னலைச் சாத்துவர். பாலம் ஒன்றை வரைந்து அனுப்பவேண்டிய நாளில், பாதிப் பாலத்தில், ஆற்றின் நட்டநடுவே, அது உயிர் நீத்தது. அன்று பகலுணவில் வறுத்த நெத்திலிக்கு எலுமிச்சை பிழிந்தபடியே தந்தை ஸ்தெர்யோஸ் திருவாய் மலர்ந்தார்:

"புதுசா ஒண்ணு பாத்து வைடா. எதுன்னாலும் சரி. காசு நாங்க குடுக்கறோம்."

எதுன்னாலும் சரி! கொல்லன் உலையில் இதனினும் கூரிய வேல் வடிக்கப்பட்டதில்லை. சொந்தக் காசு என்றால் பை எவ்வளவோ பசி அவ்வளவு. பெற்றவர் காசு என்றாலோ, ஆசை ஒரு பக்கமும் வெட்கம் ஒரு பக்கமும் காலைப் பிடித்து இழுக்க, நடுவில் கிழிவது பிள்ளை.

இருபது நாள் தவமிருந்தான் நம் நாயகன். நாற்பத்தொரு கணினிகளைக் கட்டம் போட்டு நிறுத்தினான். எடை பார்த்தான், நினைவகம் பார்த்தான், முன்பின் அறியாதவர்கள் இணையத்தில் எழுதிய ஏச்சையும் பேச்சையும் மனப்பாடம் செய்தான். முடிவில் ஒன்று நின்றது. கார்முகில்மேனி, கண்ணாடித்திரை, விரல் பட்டால் விசைதோறும் ஒளி சிந்தும் கருங்கணினி! பாலம் வரைய அத்தனை வலிமை தேவை என்று தனக்குத்தானே வாதாடி, தானே நீதிபதியாய் இருந்து, வழக்கிலும் வென்றான். பந்தயக்கார் விளையாட்டில் அது புல்லின் இதழ்களைத் தனித்தனியே காட்டும் என்ற உண்மையை மட்டும் அவ்வழக்கில் சாட்சிக்கு அழைக்கவில்லை.

ஆனால் அதன் விலை! சாம்பல்நிறக் கணினி ஒன்றின் விலையைப்போல் இரு மடங்கு. அதை எப்படிக் கேட்பது? கேட்கும் வழக்கமே அக்குலத்தில் இல்லை. ஐந்து வயதில் அரிச்சுவடிக்கு முன்பே அவனுக்குக் கற்பிக்கப்பட்டது கப்பானியின் போர்முறை: பிடித்த பொருளைப் பாராதே, பக்கத்துப் பொருளைப் பார், பிடித்ததைப் பழி, பழித்துவிட்டு மூன்றடி நட. மூன்றாம் அடியில் எதிராளி கூப்பிட்டே தீருவான். அம்முறைப்படியே வியூகம் வகுத்தான் அர்கிரிஸ். கருப்பைப் பழிப்பான், சாம்பலைப் புகழ்வான். இருபதடி தொலைவில் வரும் வாடிக்கையாளரின் வயிற்றுப்பசியையே கண்ணால் அளக்கும் தந்தை, மகன் மனத்தை அறியாமலா போவார்? "சும்மா இருடா, நல்லதா எடுத்துக்கோ" என்று அவர் வற்புறுத்த, இவன் தலைகுனிந்து, பெருந்துன்பத்தோடு, இணங்குவான். பொருளும் கிட்டும், பேராசைக்காரன் என்ற பெயரும் ஒட்டாது.

சனிக்கிழமை முற்பகல். தந்தை தேவாலயத்துக்கென வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு அணிந்தார். தாய் தோம்னா கைப்பையை இருகையாலும் அணைத்துக்கொண்டாள். வெட்சியோ தும்பையோ சூடாமல் முதுகுப்பை சூடிய மைந்தன் முன்னே செல்ல, மூவர் படை மின்பொருள் மாளிகைக்குள் புகுந்தது. எவான்தியா என்று நெஞ்சில் பெயர் பொறித்த விற்பனைப்பெண் எதிர்கொண்டாள்.

கருங்கணினி மேடைமேல் ஒளிர்ந்தது. அர்கிரிஸ் அதைக் கையில் ஏந்தினான். ஏந்திய கை அதைக் கீழே வைக்க மறுத்தது. முகமோ புளித்த பாலாடைக்கட்டியை முகர்ந்ததாயிற்று.

"என்னப்பா இது, செங்கல்லு மாதிரி கனக்குது! விளக்கெல்லாம் போட்டு, கல்யாண வீடா இது? இதுக்குப் போய் யாராவது இவ்வளவு குடுப்பாங்களா? அந்த சாம்பல் கலரே எனக்குத் தாராளம்."

சொல்லிவிட்டு முதுகு காட்டி நடந்தான். முதலடி: மலை நகர்வதுபோல். இரண்டாமடி: மலையும் தயங்குவதுபோல். மூன்றாமடியோ, ஒற்றைக்காலில் நின்ற நாரையைப்போல், நிலத்தில் படாமலே நெடுநேரம் நின்றது. கூப்பிடு தந்தையே! கூப்பிடு!

கூப்பிடவில்லை.

கால் வலித்துத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஸ்தெர்யோஸ், சாம்பல்நிறக் கணினியைத் தட்டிப்பார்த்து, களமிறங்கிவிட்டிருந்தார்.

"கடைசியா சொல்லும்மா, என்ன விலை?"

"சார், எழுதியிருக்கறதுதான் விலை. இது சந்தை இல்ல."

"எல்லாமே சந்தைதாம்மா. உங்க கடையில கூரை கொஞ்சம் ஒசரம், அவ்வளவுதான். தோம்னா, வா, போலாம்."

நடந்தார். ஓரடி, ஈரடி. மூன்றாமடி விழுமுன்னே எவான்தியா அழைத்தாள்: "சார், இருங்க! ஒரு மவுஸ் சேத்துத் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது சார்."

அண்டம் அதிர வென்றார் ஸ்தெர்யோஸ். காருக்கு வரும் வழியிலேயே சந்தையைத் தொலைபேசியில் அழைத்து, பாலாடைக்கட்டிக்காரன் முதல் மீன்காரன் வரை மவுஸின் புகழைப் பரப்பினார். பின்னிருக்கையில், சாம்பல்நிறப் பெட்டியை மடிமேல் வைத்து, போரில் தோற்றதுமன்றித் தோற்றதாய்ச் சொல்லவும் வழியற்ற மன்னனைப்போல் வீற்றிருந்தான் நம் வீரன். தாய்தான் மெல்லத் திரும்பினாள்.

"கருப்புதான் கேப்பேன்னு நெனச்சோம்டா. இருபது நாளா உங்கப்பா கம்ப்யூட்டர்ல நீ எதைத் திறந்து வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் பணமும் எடுத்துட்டு வந்தோம்." கைப்பையைத் திறந்து உறையைக் காட்டினாள். அதன் தடிமனில் பாதி இன்னும் அப்படியே இருந்தது.

"அப்ப ஏம்பா நீ ஒண்ணுமே சொல்லல?" என்றான் தந்தையிடம்.

"கையில எடுத்துப் பாத்துட்டு நீதானடா மூஞ்சியைச் சுளிச்ச? படத்துல பிடிச்சது நேர்ல பிடிக்கலையாக்கும்னு விட்டுட்டேன்." கண்ணாடியில் மகனைப் பார்த்த ஸ்தெர்யோஸுக்கு, நாற்பதாண்டு வியாபாரத்தில் முதல்முறையாக, ஒரு சரக்கின் விலை தாமதமாகப் புரிந்தது. "அட மடையா! ஆசையைக் கடைக்காரன்கிட்ட காட்டாதேன்னுதானே சொல்லிக் குடுத்தேன்? அப்பன்கிட்டயுமா மறைப்பே?"

"வண்டியைத் திருப்புங்க," என்றாள் தோம்னா. "மாத்திட்டு வந்துடலாம்."

திரும்புவதா! விற்ற சரக்கு திரும்பாது என்று வாசலில் பலகை தொங்கவிட்ட குலம், வாங்கிய சரக்கைத் தூக்கிக்கொண்டு திரும்புவதா! மவுஸ் வெற்றியை மீன்காரன்வரை பறையறைந்த தந்தை, அதே மவுஸைக் கையில் ஏந்தி எவான்தியாமுன் நிற்பதா! ஆயினும் கருங்கணினி அங்கே மேடைமேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'ஆம்' என்னும் ஓரசைச் சொல் அர்கிரிஸின் நெஞ்சிலிருந்து புறப்பட்டு, தொண்டை ஏறி, நாவின் விளிம்பில் வந்து நின்று, நான்கு தலைமுறையின் முகங்களையும் ஒருமுறை பார்த்தது. பார்த்துவிட்டு இறங்கிப்போயிற்று.

"வேணாம்மா," என்றான். "இதுவே நல்லாத்தான் இருக்கு."

மவுஸுக்குப் பேட்டரி தனியாக வாங்க வேண்டியிருந்தது.