இரண்டே முக்கால் பாகம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் ‘பாகம்’ மாதிரி ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். கடலின் ஆழத்தை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இவர் கரையேறிய பிறகும் விடமாட்டார், எதைக் கண்டாலும் கையை விரிப்பார். அதனால் அந்தப் பெயர்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மற்றவர்கள் வலையைத் தைப்பார்கள், சீட்டாடுவார்கள். இவர் தன் படகில் வேலை செய்கிற என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பிவிடுவார். செத்தவர்களின் நினைவாக ஆதிமனிதர்கள் நட்டுவைத்த நெடுங்கற்கள் அங்கங்கே நிற்கின்றன. அதில் எது பெரிசு, எது சிறிசு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். யார் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கல்லின் உச்சிக்கு மேல் வீசுவார். குண்டு தரையைத் தொட்டதும் உச்சியிலிருந்து அடிவரை உள்ள கயிற்றை மார்புக்குக் குறுக்கே விரித்து எண்ணுவார்.

“டேப்பு வச்சி அளந்தா இன்னா மாமு? மீட்டர்ல வந்துடுமே” என்றேன் ஒருநாள்.

“மீட்டரா? நம்மூரு ஆட்டோலயே எவனும் மீட்டர் போடமாட்டான். கல்லுக்குப் போடச் சொல்றியா?”

இப்படி இருந்தவருக்கு வலை இழுக்கிற வின்ச்சின் கம்பி அடித்து இடது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. கை சுருங்கினால் பாகமும் சுருங்கும். அடக் கொடுமையே, இனி எந்தக் கல்லை அளந்தாலும் அது வளர்ந்ததாகத்தானே கணக்கு வரும்! வேறு யாராவது என்றால் பேசாமல் டேப் வாங்கியிருப்பார்கள். இவர், “பழைய கணக்கு செல்லாது” என்று எல்லாக் கல்லையும் முதலிலிருந்து அளக்கக் கிளம்பினார்.

போன தடைக்காலத்தில் பாக்கி இருந்தவை இரண்டே கற்கள். அடுத்தடுத்த ஊர். முதல் ஊரில் போய் இறங்கினால், கல்லுக்குப் பக்கத்தில் ஜேசிபி நிற்கிறது.

“மனை போடறோம் பெரியவரே. ஊர்ல பேசியாச்சு” என்றார் புரோக்கர். “இதவிடப் பெரிய கல்லு பக்கத்து ஊர்ல இருக்குதாமே, அங்க போய்ப் பாருங்க.”

“முன்னாடி அளந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, அது ரெண்டரைப் பாகம், எங்களுது அதவிடச் சின்னதுன்னு?” என்றார்கள் ஊர்க்காரர்கள்.

பாகத்தின் முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் அளந்து சொல்றவரிக்கும் எவனாவது கல்லுமேல கைவெச்சீங்க, அவ்ளோதான்! மொதல்ல என்மேல ஏத்திட்டுப் போ!”

கயிறு பறந்தது. ஒரு கை மடங்கியபடியே மார்பை விரித்தார். “ஒண்ணு... ரெண்டு... ரெண்டே முக்கால்!”

ஊரே ஹோவென்று கத்தியது. பக்கத்து ஊரோடு அவர்களுக்கு ஏற்கெனவே ஆகாது. வயலிலிருந்து வந்த ஓர் அம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, “வண்டிய எடுய்யா! எங்க கல்லு பெரிசு” என்றாள். ஜேசிபி பின்வாங்கியது.

“மாமு, அந்த ரெண்டரை நல்ல கையில அளந்தது” என்று அவர் காதில் கிசுகிசுத்தேன். “இந்தக் கையில அளந்தா அது மூணு வந்துடுமே!”

பதிலுக்கு என் காலை நன்றாக மிதித்தார்.

திரும்பும்போது, “இன்னொரு கல்லு பாக்கி கீதே, போலாமா?” என்றேன்.

“பெட்ரோல் இல்ல.”

டேங்க் நிறைய இருந்தது. “மாமு, இது கலீஜ் கணக்கு.”

“ஆமா, இப்ப இன்னாங்குற? கல்லு நிக்குதா, இல்லியா?”

நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. யாராவது டேப்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், குறுக்கே விழுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.