5.10 அல்ல, 4.50

அன்று சென்டரில் இருந்தவர்கள்: முதலாளி பாய். வெப்சைட் செய்து கொடுக்கும் செல்வம். ஹால் டிக்கெட் எடுக்க வந்த டீச்சரம்மா. பயோடேட்டா அடிக்க வந்த ஓமந்தூர்க்காரர். ஜாதகம் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு பெரியவர். நான். அப்புறம் டைம் கீப்பர்.

ஏழு பேரும் வந்த வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் விழுப்புரம் பஸ் டைமைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு பேரில் ஒருவருக்கும் அன்று விழுப்புரம் போகிற வேலை இல்லை. இதைச் செய்ய வைக்க இந்த பூமியில் டைம் கீப்பர் ஒருவரால்தான் முடியும்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் நான் டோக்கன் எழுதுகிற ஆள்; என் பெயரே ‘டோக்கன்’ என்றாகிவிட்டது. யார் எந்த சிஸ்டத்தில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நோட்டில் எழுத வேண்டும். எட்டாவது படித்தவனுக்கு அது போதும். பேச வேண்டியதில்லை. வீட்டிலும் எனக்குப் பேச ஆள் இல்லை. பழகிவிட்டது.

டைம் கீப்பர் அதே பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெயர் யாருக்கும் தெரியாது. காக்கி பேன்ட்டை மட்டும் விடவில்லை. காதில் பென்சில். கிளியனூரில் தனியாக வீடு. தினமும் காலை ஒரே பஸ்சில் வந்து மூன்றாம் சிஸ்டத்தில் உட்காருவார். பஸ் இரண்டு நிமிடம் லேட் என்றால், வந்ததும் என்னிடம்தான் சொல்லுவார்.

செல்வத்தை வைத்து ஒரு வெப்சைட் போட்டிருந்தார். திண்டிவனத்தில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ். அவ்வளவுதான். விழுப்புரம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி விநோதமாக இருக்கும். ‘மாலை 4.50. 5.10 அல்ல.’

“5.10ன்னு யாரும் சொல்லலியே ஐயா, எதுக்கு அல்லன்னு போடணும்?” என்றான் செல்வம்.

“போடுய்யா.”

போட்டான். ஆனால் நெட்டில் தேடினால் அந்தப் பக்கம் எங்கோ பதினோராவது பக்கத்தில் கிடந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர டைம் கீப்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். தேட வேண்டும். பதினோராவது பக்கம் வரை நடக்க வேண்டும். நம் பெயரைத் தட்ட வேண்டும். தட்டிய பிறகு பத்து நிமிடம் திரும்பிப் போகக் கூடாது. சென்டருக்கு வந்த அத்தனை பேரையும் இதைச் செய்யச் சொன்னார். டீச்சரம்மா நாலாவது நிமிடம் மவுசைத் தொட்டுவிட்டார்.

“டீச்சர்! கைய எடுங்க! எறங்காதீங்க!”

“எம் பரிட்சை இருக்குதுங்க ஐயா.”

“இன்னும் ஆறு நிமிஷம். சீட்டுல உக்காருங்க.”

செல்வத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை. “வந்தவங்க எவ்ளோ நேரம் பாக்குறாங்கன்றத தேடிக் குடுக்கற மிஷினு கணக்குல எடுத்துக்கறதில்லன்னு சொல்றாங்க. எடுத்துக்குதுன்னும் சில பேரு சொல்றாங்க. உள்ள என்னா நடக்குதுன்னு வெளிய இருக்கறவன் யாருக்கும் தெரியாது ஐயா.”

“எனக்குத் தெரியும்.”

“எப்டி?”

“ஒருத்தன் பஸ்சுல ஏறி சீட்டு புடிக்கிறான். உடனே எறங்கி அடுத்த பஸ்சுல ஏறுறான். நாலு பேரு அப்டி எறங்கினா என்னா அர்த்தம்? அந்த பஸ்ச இப்பத்திக்கி எடுக்க மாட்டான்னு அர்த்தம். அஞ்சாவது ஆளு வந்து கேட்டா எந்த பஸ்ச கைகாட்டுவேன்? என் ரெண்டு கண்ணுக்கே தெரியுது. அவ்ளோ பெரிய மிஷினுக்குத் தெரியாதா?”

செல்வம் தலையைச் சொறிந்தான். “சரி, அது பாக்குதுன்னே வெச்சிக்குவோம். ஒரே சென்டர்லர்ந்து ஏழு பேரு தட்டினா, ஒரே வீட்டு ஆளுங்க வெளையாடுறாங்கன்னு நெனைக்காதா?”

டைம் கீப்பர் எழுந்தார். “அப்ப வெளிய போவோம்” என்றார்.

அடுத்து வந்தது அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. டைம் கீப்பர் உள்ளே புகுந்தார். பின்னால் நான், என் நோட்டோடு.

“அம்மா, போன்ல நெட் இருக்கா? விழுப்புரம் பஸ் டைம்னு அடிங்க.”

“நாங்க மேல்மலையனூர் போறோம்யா.”

“போங்க, யாரு வாணான்னா? போனுலயே விழுப்புரம் போய்ட்டு அப்பறமா போங்க.”

“ஆத்தாளப் பாக்க வந்தா இந்தாளு பஸ்சப் பாக்கச் சொல்றான். பேஜாராப் போச்சிடி!”

இருந்தும் அவர் குரலுக்கு ஒரு பழைய அதிகாரம் இருந்தது. பல பேர் தட்டினார்கள். எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று நான் எழுதினேன். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து எங்கள் இரண்டு பேரையும் விசாரித்தார். டைம் கீப்பர் அவரையும் தட்ட வைத்தார். அவர் மூன்று நிமிடம் நின்றார்.

பக்கம் அசையவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் பெரிய கூத்து. பஸ் நேரத்தை எல்லாம் அடியில் கொண்டுபோய் வைத்தார். மேலே டிரைவர்கள் கதை, கண்டக்டர் சண்டை, எந்த பஸ்சில் எந்த ஜன்னல் மூடாது என்று நீளமாக எழுத வைத்தார். நேரம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தாண்டி இறங்க வேண்டும். அதுவரைக்கும் ஆள் நம்மிடம் இருப்பான் அல்லவா?

ஒரு வாரத்தில் ஓர் ஆள் சென்டருக்குள் பாய்ந்து வந்தார். கையில் செல்போன்.

“யாருய்யா அது டைம் கீப்பரு? டைமத் தேடிக் கீழ கீழ போய்க்கினே இருக்கேன், எவனோ கண்டக்டரு கதை வருது! படிச்சி முடிக்கறதுக்குள்ள பஸ்சு போயிடுச்சிய்யா!”

“எவ்ளோ நேரம் தேடுன?”

“ஆறு நிமிஷம்!”

டைம் கீப்பர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஆறு நிமிஷம் இருந்தியா? தங்கமான மனுசன்யா நீ. டோக்கன், இவருக்கு ஒரு டீ சொல்லு!”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். டைம் கீப்பரும் சிரித்தார். பிறகு, சிரித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

“பஸ்சு போயிடுச்சா?”

“போயிடுச்சின்னுதானய்யா கத்துறேன்.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. செல்வத்தைக் கூப்பிட்டு நேரத்தை எல்லாம் மேலே ஏற்றச் சொன்னார். கதைகளை அழிக்கச் சொன்னார். ‘5.10 அல்ல’ மட்டும் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை. மழை. சென்டரில் அவரும் நானும்தான். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

“எம் பொண்ணுக்கு வடக்க நர்சு வேலை கெடைச்சிது. விழுப்புரத்துல ரயில் புடிக்கணும். ஸ்டாண்டுக்கு வந்து, பஸ்சு எத்தினி மணிக்குப்பான்னு என்னையே கேட்டுது. 5.10ன்னேன். டைம் ஆபீசுல எனக்கு எதிர பெஞ்சியில உக்காந்துக்கினு இருந்துது. அது முதுகுக்குப் பின்னால 4.50 போச்சி. மைக்குல எல்லா பஸ்சையும் கூப்புடுவேன். அத மட்டும் கூப்புடல.”

“ஏன்?”

“அதோட அம்மா போயி ஒரு வருசம் ஆயிருந்துது. வூட்ல ரெண்டு பேருதான்.”

4.50 தவறியதால் ரயில் போய்விட்டது. மகள் மறுநாள் இவரைக் கேட்காமல் வேறு வழியாகப் போனாள். அதன் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. பத்து வருடம்.

“என்னிக்காவது வரணும்னு தோணும். வந்தா விழுப்புரத்துல எறங்கணும். என்னைக் கேக்காது. விழுப்புரம் பஸ்சுன்னு இதுலதான தேடும்?”

நான் மூன்றாம் சிஸ்டத்தின் தூசியைத் துடைத்தேன்.

நேரத்தை மேலே ஏற்றிய மூன்றாம் மாதம் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. செல்வம் ரிப்போர்ட் எடுத்துக் காட்டினான். யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அதில் வரும்.

“பாருங்க ஐயா. இப்ப ஒவ்வொரு ஆளும் இருவது செகண்டுதான் நிக்கிறான். பக்கம் மேல ஏறிடுச்சி. நான் சொன்னது சரிதான?”

“பஸ்சு கெடைச்சவன் திரும்பி வந்து இன்னொருத்தங்கிட்ட டைம் கேக்க மாட்டான். அதையும் அது பாத்துக்கினுதான் இருக்குது.”

இரண்டு பேரில் யார் சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு தினமும் ரிப்போர்ட்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் நான் படிப்பேன். இருபது செகண்டு. பதினெட்டு. இருபத்தைந்து. “அவசரக்காரங்க” என்பார். அடுத்ததைப் படிக்கச் சொல்லுவார்.

ஒரு திங்கட்கிழமை, வடக்கே எனக்குப் படிக்கத் தெரியாத பெயரில் ஓர் ஊர். ஒரே ஆள். விழுப்புரம் பக்கத்தில் நுழைந்து நின்றிருந்தார். பிறகு டைம் கீப்பரின் ஊரான கிளியனூர் பக்கத்தைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். நின்ற நேரத்தைப் படித்தேன். டைம் கீப்பர் காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தெறந்து வெச்சிட்டு சமைக்கப் போயிருப்பாங்க ஐயா” என்றான் செல்வம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனை நான் வாயை மூடச் சொன்னேன்.

அவள் வரவில்லை. ஆனாலும் டைம் கீப்பர் தினமும் காலையில் வந்ததும், எல்லாம் தெரிந்துகொண்டே, புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார்.

“டோக்கன், எவ்ளோ நேரம்னு சொன்ன?”

நானும் புதிதாகப் படிப்பதுபோல் சொல்லுவேன். இரண்டு வருடம் சொன்னேன்.

இப்போது அவர் இல்லை. சென்டர் ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. காலையில் அந்த பஸ் வருகிற நேரத்தில் நான் வாசலில் நிற்கிறேன். எவ்வளவு நேரம் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை.

நாற்பத்தேழு நிமிடம்.