மூன்றாம் வரிசையிலிருந்து தப்பி ஓடியவர்

ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முலாம்பழத்துக்கும் காப்பிக்கும் நடுவில், எர்மான்னோ தமது சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்.

"லொரெ, இந்த வருஷம் செசெனாத்திகோ கிடையாது."

மனைவி லொரெதானா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"துல்லியோவோட கடற்கரை கிடையாது. குடை கிடையாது. மூணாவது வரிசை கிடையாது. நான் முடிவு பண்ணிட்டேன்."

இருபத்திரண்டு வருஷமாக ஆகஸ்ட் பிறந்தால் செசெனாத்திகோ ஊரில், குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் துல்லியோவின் கடற்கரை; அங்கே மூன்றாவது வரிசை; அதிலே நாற்பத்தேழாம் நம்பர் குடை. வலப்பக்கக் குடையில் கிரெமோனாவிலிருந்து வரும் பல் டாக்டர். அந்த மனிதருடைய பித்தப்பை எப்போது எடுக்கப்பட்டது, எப்படி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் எர்மான்னோவுக்கு அத்துப்படி. தினமும் மூன்று மணிக்கு அவரோடு சீட்டாட்டம். தினமும் டாக்டர்தான் ஜெயிப்பார், ஏனென்றால் தினமும் அவர்தான் கள்ளாட்டம் ஆடுவார். கடலையாவது நிம்மதியாகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. முன்னால் இரண்டு வரிசை ஜனங்களின் முதுகைத்தான் பார்த்தார். முன் வரிசைக்குப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. அங்கே ஒருவர் செத்தாக வேண்டும், அல்லது விவாகரத்தாவது செய்தாக வேண்டும். அதற்குள் மற்ற வரிசைகளில் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

"அப்போ எங்கே போறது?" என்றாள் லொரெதானா.

"முதுகுல ஒரு பை. அவ்வளவுதான். ஊர் ஊராப் போவோம். பெர்ராரா, பொலோன்யா, அப்படியே மலையைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கடல். சின்னச் சின்ன மீன்பிடி ஊர். ரூம் முன்கூட்டியே போடறது கிடையாது. காசு குடுத்துக் குடை எடுக்கறது கிடையாது. காப்பி குடிச்சாலும் நின்னுக்கிட்டேதான். உட்கார்ந்தா ரெண்டு மடங்கு வாங்கறான். இருபது வயசுப் பசங்க போறாங்கல்ல, அந்த மாதிரி."

"சரிங்க."

"என்ன சரி?"

"போகலாம்னு சரி."

எர்மான்னோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னென்ன தடை சொல்வாள் என்று யோசித்துப் பன்னிரண்டு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். இரண்டு பதில்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தும் இருந்தார். பன்னிரண்டும் நமுத்துப்போன அப்பளமாகி விட்டன.

பியாச்சென்சா ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை அடக்கி ஆண்டவர். வீட்டில் அந்தப் பிரேக் யார் காலடியில் இருக்கிறது என்பதை அவர் என்றுமே குனிந்து பார்த்ததில்லை. 'அடேயப்பா, நான் ஒரு அதட்டு அதட்டினால் இந்த வீடே அசைகிறதே!' என்று மகிழ்ந்து, மறுநாளே முடிதிருத்தும் கடையில் செய்தியை ஒலிபரப்பி விட்டார். கடையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். இனி பின்வாங்க வழியில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி கிளம்பினார்கள். எர்மான்னோவின் பையில் கூடாரம், காப்பிக் கெண்டி, கேஸ் அடுப்பு, ஒரு முழு சலாமி இறைச்சி, கழுத்துவலித் தைலம், கம்பளிக் கழுத்துத்துணி, மழைக்கோட்டு எல்லாம் இருந்தன. பையைத் தூக்கி மாட்டியதும் அவர் இரண்டடி பின்னால் போய்க் கதவில் சாய்ந்தார். லொரெதானாவிடம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற அளவில் ஒரு பை.

"உன்னோடது இவ்வளவுதானா?"

"முதுகு தாங்கற அளவுன்னு நீங்கதானே சொன்னீங்க. என் முதுகு இவ்வளவுதாங்க தாங்கும்."

ஆகஸ்டில் நாடே வேலையை விட்டுக் கடலுக்குப் போய்விடும்; பெர்ராராவில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. ரொட்டிக் கடைக்காரன் 'விடுமுறை, செப்டம்பரில் பார்க்கலாம்' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தான். இளைஞர் விடுதியில் இரண்டு படுக்கைதான் மிச்சம். ஆறு டென்மார்க் பையன்கள் இருந்த அறையில். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வந்ததும் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்து விட்டார்கள்.

எர்மான்னோவுக்குப் புலியைக் கண்டு பயமில்லை, போலீசைக் கண்டு பயமில்லை. குறுக்குக் காற்றைக் கண்டால்தான் பயம். வியர்த்த கழுத்தில் குறுக்குக் காற்று பட்டால் மனிதன் தேறமாட்டான் என்பது அவருடைய தாயார் ஊட்டி வளர்த்த உண்மை. அந்த ஊரில் எல்லாத் தாயார்களும் அதைத்தான் ஊட்டுகிறார்கள். பையன்களிடம் கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் அவருக்குப் புழுங்குகிறது என்று புரிந்துகொண்டு கதவையும் திறந்து விட்டார்கள்.

காலையில் கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. பெர்ராரா நகரத்தின் இடப்பக்கத்தை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது.

"கவலைப்படாதீங்க," என்று அவர் வலக்கையைப் பிடித்துக் கொண்டாள் லொரெதானா. "இந்தப் பக்கம் என்னென்ன இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றேன். இப்ப ஒரு கோட்டை. இப்ப ஒரு நாய்."

பொலோன்யாவில் வெயில் கல்லைப் பிளந்தது. ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் எர்மான்னோவின் கண் தானாகவே மூலையில் இருந்த நாற்காலிமேல் போய் விழுந்தது.

"லொரெ, உனக்குக் கால் வலிக்கும்."

"எனக்கா? இல்லையே."

"கொஞ்சமா வலிக்கும்ல?"

"துளிகூட இல்லைங்க. நின்னுக்கிட்டே குடிக்கிறதுல ஒரு சுகம் இருக்குங்க. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு."

"அந்த நாற்காலி சும்மாதானே கிடக்கு..."

"ஐயோ, உட்கார்ந்தா ரெண்டு மடங்கு! ஆசை காட்டாதீங்க. நீங்க போட்ட சட்டத்தை நானே மீறினா எப்படி?"

அவர் போட்ட சட்டங்களை அவரைவிட அவள் கெட்டியாகப் பிடித்துக் கொண்டாள். எர்மான்னோ பஸ்ஸைப் பார்த்தால், "நடந்தாதானே ஊர் தெரியும்னீங்க?" என்பாள். ஹோட்டல் பலகையைப் பார்த்தால், "சீ, மெத்தையில படுக்கிறவனெல்லாம் பயணியா?" என்பாள். அது அவர் முடிதிருத்தும் கடையில் பேசிய வசனம். எப்படித்தான் இவள் காதுக்கு வந்ததோ.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் எர்மான்னோவுக்குத் திடீரென்று பக்தி வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு தேவாலயப் படி மிதிக்காதவர், வழியில் தென்பட்ட முதல் தேவாலயத்துக்குள் புகுந்து, பெஞ்சில் சாய்ந்து, ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்தார். பிரார்த்தனையில் லேசாகக் குறட்டை கலந்திருந்தது. உட்காரக் காசு கேட்காத இடம் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது லொரெதானா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு தர்ப்பூசணித் துண்டை அவருக்கு நீட்டினாள். அவர் காலணியைத் தானே கழற்றி, குழாயில் பிடித்து வந்த தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினாள். கொப்புளத்தைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றாள். பிறகு சிரித்தாள். கன்னத்தில் ஒரு தர்ப்பூசணி விதை ஒட்டிக் கொண்டிருந்தது. எர்மான்னோவுக்கு முப்பத்தொரு வருஷம் பின்னால் போனது போல இருந்தது. இவள் என் மனைவி, இவளைப் போல ஒருத்தி இந்த இத்தாலி முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்று நினைத்தார். 

"நாளைக்கு மலையைத் தாண்டிடலாம்!" என்றாள் அவள். "அந்தப் பக்கம் மணலே கிடையாதாம். பாறைதானாம். பாறைமேலேயே படுத்துத் தூங்கலாம். நல்லாருக்கும்ல?"

"பாறையா?"

"வெறும் பாறை!"

எர்மான்னோவின் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக அழுதது. துல்லியோவின் கடற்கரைச் சாய்நாற்காலி கண்முன்னால் வந்து வா வா என்றது. பல் டாக்டரின் பித்தப்பைகூட இனித்தது. 'தோற்றுவிட்டேன், போகலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எப்படிச் சொல்வது? கை தட்டிய முடிதிருத்தும் கடை ஒரு பக்கம். அதைக்கூடச் சமாளித்து விடலாம். இவள் இத்தனை சந்தோஷமாக இருக்கிறாளே! ஆசையை மூட்டியவரே அதில் தண்ணீர் ஊற்றுவதா?

யோசித்தார். மறுநாள் காலை, ரயில் நேரம் பார்த்து வருகிறேன் என்று ஸ்டேஷனுக்குப் போனார். இழவு விழுந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"லொரெ, வேலை நிறுத்தமாம்."

"அடக் கடவுளே! எங்கே?"

"மலைக்கு அந்தப் பக்கம் போற வண்டி முழுக்க."

"பஸ்ஸு?"

"பஸ்ஸும்தான்."

"பஸ்ஸுமா! அவ்வளவு ஒத்துமையா?" லொரெதானா வாயில் கை வைத்தாள். "எதுக்குங்க பண்றாங்க?"

"சம்பளம்... சம்பளம் பத்தலையாம்."

"பாவம், கேக்க வேண்டியதுதான். அப்போ எந்த வண்டியுமே ஓடலையா?"

"கிழக்குக் கடற்கரை லைன் மட்டும் ஓடுதாம்." எர்மான்னோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரிமினி... அப்புறம்... செசெனாத்திகோ... அந்த மாதிரி."

லொரெதானா முகத்தைத் திருப்பிக் கொண்டாள். கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். தோள் குலுங்கியது. எர்மான்னோவுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதே லொரெ. அடுத்த வருஷம் கண்டிப்பா பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பரவால்லைங்க," என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து. "விதி. ஆனா ஒண்ணு. அங்க போய் உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். ரெண்டு நாள் கழிச்சு, பையைத் தூக்கு, மலைக்குப் போகலாம்னு என் ஆசையைக் கிளறக்கூடாது. மாசக் கடைசி வரைக்கும் அங்கேயேதான். சத்தியம் பண்ணுங்க."

எர்மான்னோ சத்தியம் செய்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்ததில்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உடம்பு சாய்ந்தது, மனசு சாயவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இவளிடம் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. எதிரே அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக் கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. அதுவே அவரைக் குத்தியது. செய்த பாவத்துக்கு ஏதாவது பரிகாரம் பண்ணியாக வேண்டும். என்ன பண்ணலாம்? செசெனாத்திகோ வருவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார். முதல் வரிசை! துல்லியோவின் காலில் விழுந்தாவது, என்ன விலை கேட்டாலும் கொடுத்தாவது, இவளை முதல் வரிசையில் உட்கார வைப்பது.

இறங்கிக் கடற்கரையை நோக்கி நடக்கும்போது சொன்னார்.

"லொரெ, இந்தத் தடவை உனக்கு முதல் வரிசைதான்."

"ஐயோ, எதுக்குங்க அவ்வளவு செலவு?"

"நீ பேசாதே. நான் தீர்மானம் பண்ணிட்டேன்."

"நீங்க தீர்மானம் பண்ணிட்டா அப்புறம் நான் என்ன சொல்ல முடியும்?" என்றாள் லொரெதானா.

வெயிலில் கறுத்த தொந்தியும் பல்லுமாகத் துல்லியோ வாசலிலேயே நின்றிருந்தான்.

"துல்லியோ," என்று எர்மான்னோ அவன் தோளில் கை போட்டு, தனியாக ஒதுக்கிக் குரலைத் தாழ்த்தினார். "எப்படியாவது ஒரு முதல் வரிசை..."

"வாங்க மாஸ்டர்! நாலாம் நம்பர், முதல் வரிசை, குடை விரிச்சு ரெடியா இருக்கு. அங்க இருந்த நோட்டரி ஐயா வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, இனிமே மலைப்பக்கம்தான் போறாங்களாம். மார்ச் மாசமே லொரெதானா அக்காவுக்குப் போன் பண்ணிட்டேனே. அக்கா அன்னைக்கே முன்பணம் அனுப்பிட்டாங்க."

"மார்ச் மாசமா?"

"ஆமா. பெரிய பெட்டியை அக்காவோட தங்கச்சி போன வாரமே கார்ல கொண்டாந்து வச்சுட்டாங்க. நேத்து சாயங்காலம் அக்கா போன்ல, 'காலை வண்டியில வர்றோம், மாஸ்டருக்குச் சாய்நாற்காலிய நல்லாத் தாழ்த்திப் போடு, கழுத்து பிடிச்சிருக்கு'ன்னாங்க."

எர்மான்னோ முதல் வரிசையைப் பார்த்தார். நாலாம் நம்பர் குடையடியில் அவருடைய பழைய ரப்பர் செருப்பு ஜோடியாக இருந்தது. குடைக்கம்பியில் அவருடைய நீச்சல் நிஜார் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், ஒரு முதுகுகூடக் குறுக்கே இல்லாமல், முழுக் கடல்.

"நேத்து சாயங்காலமா?" என்றார் மெதுவாக.

"நீங்க சர்ச்சுல ஜெபம் பண்ணிட்டிருந்தப்ப," என்றாள் லொரெதானா. "முதல் வரிசைன்னு மார்ச்ல சொல்லியிருந்தா, பணக்காரத் திமிரு, வேண்டாம்னு குதிச்சிருப்பீங்க. நாற்பத்தேழாம் நம்பரே போதும்னு சண்டை போட்டிருப்பீங்க. உங்ககிட்ட வேணும்னா வேண்டாம்பீங்க, வேண்டாம்னா வேணும்பீங்க. அதான் சும்மா சரின்னேன்."

அவள் நாற்காலியைச் சரி செய்து, அவரைப் பிடித்துப் பதமாகச் சாய வைத்தாள். கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தாள். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். கோபப்படவேண்டும் என்று எர்மான்னோ இரண்டு தடவை முயன்று பார்த்தார். சாய்ந்த நிலையில் கோபம் வர மறுத்தது. ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா? கடைசி ஆயுதம் ஒன்று கையில் இருந்தது.

"எல்லாம் உன் ஏற்பாடுன்னே வச்சுக்கோ. ஆனா உன்னைப் பாறைக்குப் போகவிடாம இங்க கொண்டு வந்தது யாரு? அந்த வேலை நிறுத்தம் இருக்கே, அது பொய்! நானாக் கட்டி விட்டது! அதை நீ நம்பினேல்ல?"

லொரெதானா குனிந்து, அவர் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். பிறகு பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"ஏங்க, இன்னைக்கு ஆகஸ்ட் பதிமூணு. வேலை நிறுத்தம் பண்ண வேண்டிய ரயில்வேக்காரங்க எல்லாரும், அதோ, நாலாவது வரிசையில குப்புறப் படுத்திருக்காங்க."