பாவி நகர்சேவக்

எந்த அரசியல்வாதியையும் மக்கள் முதுகுக்குப் பின்னால்தான் பாவி என்பார்கள். உலகத்திலேயே எங்கள் தாராவி அண்ணாச்சி ஒருவர்தான் அந்த வார்த்தையைத் தானே ஆளுயர எழுத்தில் அச்சடித்து, தொண்ணூறடி ரோட்டில் தன் போட்டோவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டவர். அதற்குக் காரணம் நான்.

அண்ணாச்சி லேசுப்பட்ட வீட்டுப் பிள்ளை இல்லை. தாத்தா கவுன்சிலர், அப்பா கவுன்சிலர், சித்தப்பா இரண்டு முறை கவுன்சிலர், அண்ணனோ எம்.எல்.ஏ. அந்தக் குடும்பத்தில் பதவி இல்லாத ஆண்பிள்ளை இவர் மட்டும்தான். பிறந்தநாளுக்கு மராத்தியில் ஒரு பேனர் அடித்தார். ‘பாவி நகர்சேவக்’ என்று போட்டிருந்தது. மராத்தியில் ‘பாவி’ என்றால் வருங்கால, ‘நகர்சேவக்’ என்றால் கவுன்சிலர். தமிழிலும் ஒன்று வேண்டும் என்று, நான் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்பதால், என்னிடம் வந்தார்.

“மராத்தில உள்ளத அப்படியே எழுதும் தம்பி. ஒரு எழுத்து மாறப்பிடாது.”

நானும் மாற்றவில்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குத் தமிழ் படிக்க வராது. மறுநாள் காலை காய் வாங்க வந்த ஓர் அம்மா பேனரை அண்ணாந்து பார்த்து உருகிவிட்டார்.

“ஏ யய்யா, இந்தப் பிள்ள அப்படி என்ன பாவம் செஞ்சிச்சு? ஊரு பாக்க எழுதி வச்சிருக்காவளே!”

அலறியடித்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன்.

“கிடக்கட்டும் தம்பி. ஜெயிச்சுட்டா அந்த ‘பாவி’ தானா போயிரும்லா?”

அன்றிலிருந்து அவர் பாவி அண்ணாச்சி. அந்தப் பட்டம் கழல ஒரே வழி, அவர் தேர்தலில் ஜெயிப்பது.

தேர்தல் என்று ஒன்று வந்தால்தானே! இந்த மழை முடியட்டும், அடுத்த மழை முடியட்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. இதற்கிடையில் கட்சி இரண்டாக உடைந்தது. சித்தப்பா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். கொடியும் கிட்டத்தட்ட ஒன்று, கோஷமும் ஒன்று. அண்ணாச்சி காலையில் ஒரு மேடையில் போர்த்திய சால்வையோடு சாயங்காலம் எதிர்மேடையில் ஏறி, மரியாதையாக இறக்கிவிடப்பட்டார். ஒருநாள் சயான் ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கேட்டார்.

“தம்பி, நான் இப்ப எந்தக் கட்சில இருக்கேன்?”

“நேத்து வரைக்கும் சித்தப்பா கட்சி அண்ணாச்சி.”

“அப்ப இன்னிக்கு அண்ணனைத் திட்டணுமா, கும்பிடணுமா?”

எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த புது போஸ்டரில் அவர் படம் யார் பக்கம் இருக்கிறது என்று இருவரும் தேடினோம்.

ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்தால் மட்டும் அவருக்குக் குழப்பமே கிடையாது. மனுவை வாங்கிக்கொண்டு நேராக வார்டு ஆபீஸில் போய் நிற்பார். இன்னார் பேரன் என்று சொன்னால் நாற்காலி கிடைக்கும். சொல்ல மாட்டார். சொல்ல மறந்துவிடுவார் என்பது அவர் மனைவி சாந்தா அக்காவின் அபிப்பிராயம்.

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். அண்ணாச்சி போன் செய்தார், குரலே சரியில்லை.

“டிக்கெட் நம்ம வீட்டுக்குத்தான் தம்பி. ஆனா வார்டு பொம்பளைகளுக்குப் போயிட்டு. இனி நான் எப்ப நிக்க?”

மனிதர் ஏழு வருஷம் காத்திருந்தாரே!

சாந்தா அக்கா நின்றார். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, பழக்கதோஷத்தில், “உங்க ஓட்டை எனக்கே...” என்று ஆரம்பித்து, “இல்ல, இவளுக்கு... இவங்களுக்கு...” என்று திணறினார். மேடையே ஏறியிராத அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார்.

“இவுக ஏழு வருஷமா உங்க பைப்புக்கு அலையுதாவ. நான் ஏழு வருஷமா இவுகளுக்குச் சோறு கட்டிக் குடுக்கேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஓட்டுப் போடுங்க, போதும்.”

ஜெயித்துவிட்டார். மாலைகளுக்கு நடுவில் அண்ணாச்சி எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினார். எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றே புரியவில்லை.

அடுத்த வாரம் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் மனு கொடுப்பவர்களின் வரிசை. அதில் ஐந்தாவது ஆளாக அண்ணாச்சி, கையில் யாருடையதோ சாக்கடைப் புகார்.

உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டார். “ஏங்க, உள்ள வாங்க! இட்லி ஆறுது!”

“முன்னால நாலு பேரு நிக்காவல்லா?” என்று பதில் சொன்னார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, இது உங்க வீடு” என்றேன்.

“வீடு என் வீடுதான் தம்பி. ஆபீஸ் அவ ஆபீஸ்லா? எனக்கே குழப்பமாத்தான் இருக்கு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “மேடம்னு கூப்பிடணுமோ?”

அன்றைக்கு எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் பின்னால் நிற்கத்தான் போயிருந்தேன்.