மாமியின் சாவுக்கு முதற்காரணம்

சிவமயம்

திருகோணமலை,
04.05.1942

அன்புள்ள மைத்துனர் முத்துலிங்கம் அவர்களுக்கு,

கிளிவெட்டியில் நீரும் பிள்ளைகளும் சுகமே இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உம்முடைய அக்கா யோகமலர் அங்கேயே தங்கிவிட்டபடியால் மூன்று கிழமையாக நானே கஞ்சி காய்ச்சுகிறேன். அதுவும் அடிப்பிடிக்கிறது.

மாமியை எரித்த அன்று ஊரார் முன்னிலையில், "என்ர அம்மான்ர சாவுக்கு நீங்கள்தான் காரணம், இனி இஞ்ச வரப்படாது" என்று சொன்னீர். வரும் சனிக்கிழமை அந்தியேட்டி. ஒரே மருமகன் இல்லாமல் முப்பத்தோராம் நாள் காரியம் நடப்பது அழகா? ஆகவே காரணத்தைக் கொஞ்சம் ஆராய்வோம். இருபத்தாறு வருடம் சைவசமயம் படிப்பித்த எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இந்தச் சாவில் நான் எது? கொழும்பில் குண்டு விழுந்த பயத்தில் உம்மிடம் வர வண்டி பிடித்தோம், வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வண்டிக்கார ஸஹாப்தீன் வந்துவிட்டான், வியாழனில் ஆறு முதல் ஏழரை வரை எமகண்டம், புறப்படக் கூடாது என்றேன், "வாத்தியார், பிளேன்காரனுக்கு உங்கட பஞ்சாங்கம் தெரியுமா?" என்றான், ஏழரை ஆகுமுன் இங்கே நம் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது, அந்தச் சத்தத்தில் மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எமகண்டத்தை நானா உண்டாக்கினேன்? பஞ்சாங்கம் கணித்தவர் சூரியனை வைத்துக் கணித்தார், அப்படியானால் சூரியன் காரணம். குண்டு போட்ட ஜப்பான்காரன் வந்தது வெள்ளைக்காரனின் கப்பலைத் தேடி, வெள்ளைக்காரன் வந்தது துறைமுகம் ஆழமானபடியால், ஆழமாக்கியது கடல், கடலைப் படைத்தவர் கோணேசர். அதற்கு அப்பால் போக ஏலாது. அவரைக் குறை சொன்னாலோ மாமிக்கு முத்தியை யாரிடம் கேட்பது? எனவே என்னை வெறும் சக்கரமாக எண்ணி, சனிக்கிழமை ஓர் ஓரமாக நிற்க விடுமாறு கேட்கிறேன்.

உம் வயல் விளையட்டும், உம் பிள்ளைகள் நீடு வாழட்டும்.

இங்ஙனம்,
உம் மச்சான்
காசிநாதன்

பி.கு.: ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். மாமி ஆறு மணிக்கே வண்டியில் ஏறி இருந்துவிட்டார். யோகமலர் அப்போது குசினிக்குள் அடுப்படியில் நின்றாள், அவளுக்கு இது தெரியாது. இறங்கச் சொன்னவன் நான். "மருமகன் படிச்சவர், சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று கையை நீட்டினார். பிடித்து இறக்கினேன். இதற்கு முந்திய காரணத்தை இரவு பகலாகத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. நீர் சொன்னதுதான் சரி. நான் வரவில்லை. மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு, இதை மட்டும் யோகமலருக்கு வாசித்துக் காட்டும்.